தூரத்தின் அளவு

அளவையின்றி மனித வாழ்க்கை நடைபெறாது. நெல்லை மரக்காலாலும், துணியை முழத்தாலும், நிலத்தைக் குழியாலும், பொன்னைக் குன்றிமணியாலும் அளந்த நம் முன்னோர், ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் இயல்புக்கேற்ற அளவையையே வகுத்து வைத்தனர். பாலை முழத்தால் அளப்பாரும், பாதையைப் படியால் அளப்பாரும் இலர். அங்ஙனம் அளக்கப் புகுவானைக் கண்டால் நாம் நகைப்போம். ஆயினும், நம் காலத்து விதிகளுள் இத்தகைய அளவைப் பிழையொன்று புகுந்து கிடக்கின்றதென்பதை நான் என் தந்தையாரின் மூச்சிரைப்பினால் அறிந்தேன். வாகனங்களை நிறுத்தும் இடங்களில் ஊனமுற்றோர்க்கென ஒதுக்கப்படும் இடம் யாருக்கு உரியது என்பதே அவ்விதி. சிறு விஷயமென்று சிலர் கருதக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினேன்.

எனது ஊர் சாமல்பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளதொரு சிறிய நிலையம். நெடுந்தூரம் செல்லும் விரைவு வண்டிகள் பல எங்கள் ஊரைத் திரும்பியும் பாராமல் ஓடிவிடும். சுற்றிலும் பாறைக் குன்றுகள், இடையிடையே மாந்தோப்புகள். இக்காலத்து வாலிபர் பெரும்பாலும் ஓசூர்த் தொழிற்பேட்டையை நாடிச் செல்கின்றனர். என் தந்தையார் வாலிபராயிருந்த காலத்தில் அவரொத்தோர் பலர்க்கு அண்டையிலிருந்த கல்வேலையே கதியாயிற்று. கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கருங்கல் மெருகேறிக் கடல் கடந்து செல்வதென்பது பலரும் அறிந்ததே. அக்கல்லை அறுத்து, தேய்த்து, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆக்கும் பட்டறையொன்றில் அவர் 22 ஆண்டுகள் உழைத்தார். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். சிறுவனாகிய நான் அதைக் கண்டு, "அப்பா கிழவராகிவிட்டார்!" என்று கைகொட்டிச் சிரிப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குச் செல்வார். முகத்துத் தூசு நீரால் நீங்கிற்று. மூச்சோடு உட்சென்ற தூசு நீங்கவில்லை.

அந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். கருங்கல்லில் படிகக்கல்லின் கூறு உண்டு. கல்லை உலர்ந்த நிலையில் அறுக்குங்காலும் தேய்க்குங்காலும் அது கண்ணுக்குப் புலப்படாத பொடியாகி நுரையீரலின் உள்ளறைகளிற் சென்று தங்குகின்றது. தங்கிய இடமெல்லாம் தழும்பேறி, மெத்தென்றிருக்கவேண்டிய உறுப்பு விறைத்துப் போகின்றது. தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இதனை அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது. என் தந்தையாருக்குக் கையில் குறையில்லை, காலில் குறையில்லை. உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பவர் அவரை நோயாளி என்று கூறார். எழுந்து 25 தப்படி நடந்தால் நிற்பார். ஏதேனுமொரு தூணையோ மரத்தையோ பற்றிக்கொண்டு, அதனை ஆராய்வார்போல் சற்று நேரம் பார்ப்பார். மூச்சு வாங்குவதைப் பிறர் அறியாதிருக்க அவர் கண்ட உபாயம் அது.

என் சிற்றப்பாவின் நிலை வேறு. இளமையில் லாரி விபத்தொன்றில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இப்போது செயற்கைக் கால் பூண்டு, பக்கத்தில் இரு சக்கரங்கள் இணைத்த ஸ்கூட்டரில் ஏறி, நகரத்தில் சிறு கடையொன்று நடத்தி வருகின்றார். காலை வேளையில் அவரோடு நடந்தால் அவருக்கு ஈடுகொடுக்க என்னால் இயலாது.

சென்ற ஆண்டில் ஒருநாள், தந்தையாரைப் பெரியதோர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் அழைத்துச் சென்றேன். சிற்றப்பா தம் ஸ்கூட்டரில் அங்கே வந்து சேர்ந்தார். வாயிலருகே, சக்கர நாற்காலியின் உருவம் நீல நிறத்தில் தீட்டப்பட்ட இடங்கள் இரண்டு இருந்தன. இரண்டும் காலியாகவே கிடந்தன. சிற்றப்பா தம் அட்டையைக் காட்டினார். காவற்காரர் வணக்கத்துடன் வழிவிட்டார். எங்கள் கார் அடுத்த இடத்தை நோக்கித் திரும்பியபோது கையை நீட்டித் தடுத்தார்.

"அட்டை இருக்கிறதா, தம்பி?"

"இல்லை, ஐயா. அப்பாவுக்கு மூச்சு நோய். தூரம் நடக்க முடியாது."

அவர் குனிந்து காருக்குள் நோக்கினார். "கையும் காலும் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்றார்.

அக்கேள்வியில் ஏளனம் இல்லை. அவர் கண்டதையே அவர் கூறினார். சிற்றப்பா முன்வந்து, "அண்ணா, நீங்கள் இங்கே இறங்குங்கள். என் வண்டியை நான் அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன்," என்றார். "இடம் அட்டைக்காரருக்கு உரியது, ஐயா, நீங்கள் விரும்பியவர்க்குக் கொடுக்க முடியாது," என்று காவற்காரர் மறுத்துவிட்டார். முகப்பில் ஆம்புலன்ஸ் வண்டிகள் நின்றமையால் அங்கே இறக்கிவிடவும் இயலவில்லை. சக்கர நாற்காலி கேட்டேன், காத்திருக்கும்படி கூறினர். தந்தையார் காத்திருக்க ஒப்பவில்லை. மதிலோரத்துப் பொது இடத்தில் காரை நிறுத்திவிட்டு நாங்கள் நடந்தோம். நால்வர் நோக்கும் இடத்தில், பாதியிலே, நடைபாதையின் விளிம்புக் கல்லில் அவர் அமர்ந்துவிட்டார். பற்றிக்கொண்டு ஆராய அங்கே தூணும் இல்லை, மரமும் இல்லை. நீல நிறம் தீட்டிய அந்த இரண்டாம் இடம் நாங்கள் திரும்பும்வரை காலியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த பின் சினம் தணியாதவனாய், இவ்விதிகள் யாவை என்று தேடிப் படிக்கலானேன். அங்ஙனம் அறிந்தவற்றுள் இன்றியமையாதனவற்றை ஈண்டுக் கூறுவேன்.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டது. 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. பார்வையின்மை, செவிப்புலக் குறை, கைகால் இயக்கக் குறை, தசைச் சிதைவு, பார்க்கின்சன் நோய், தலசீமியா முதலியன அதனுள் அடங்கும். நுரையீரல் நோயும் இருதய நோயும் அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள குறை நூற்றுக்கு 40 என்னும் அளவை எட்டினாலன்றிச் சட்டத்தின் முக்கியமான சலுகைகள் பல கிட்டா. குறையின் அளவுக்கேற்ப அடையாள அட்டையின் நிறமும் வேறுபடும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

இவ்வளவை எங்ஙனம் கணிக்கின்றனர்? உறுப்பிழந்தோர்க்கு வைத்தியர் பின்பற்றும் அட்டவணை ஒன்று உண்டு. ஒரு பாதத்தின் விரல்கள் யாவும் போயின் நூற்றுக்கு 20; பாதத்தின் முன்பகுதி போயின் 30; நடுப்பாதம் வரை போயின் 40; கணுக்காலில் துண்டிக்கப்பட்டால் 55; முழங்காலுக்குக் கீழே, காலின் கீழ்ப்பகுதியில் துண்டிக்கப்பட்டால் 60. என் சிற்றப்பாவின் கணக்கு இவ்வறுபதே. பாதத்தின் முன்பகுதியை மட்டும் இழந்தவன் 30-லேயே நின்றுவிடுகின்றான். என் தந்தையாரோ இவ்வட்டவணையில் எங்கும் இல்லை. இழந்த உறுப்பை அளக்கும் கோலின் முன், உறுப்பிழக்காத அவர் முழு மனிதராகவே நிற்கின்றார்.

இனி, வாகனம் நிறுத்தும் இடத்தைப்பற்றி விதிகள் கூறுவதைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள், ஊனமுற்றோர்க்கு இரண்டு கார்களுக்கான இடம் வாயிலருகே இருத்தல் வேண்டுமென்றும், அவ்விடத்திலிருந்து கட்டட வாயில் 30 மீட்டருக்கு மேற்படலாகாதென்றும், ஒவ்வோரிடத்தின் அகலமும் 3.6 மீட்டருக்குக் குறையலாகாதென்றும் வகுத்துள்ளன. அன்பர்கள் இதனைக் கூர்ந்து நோக்குக. இடத்தை வகுத்தவர் தூரத்தை அளந்தார். அவ்விடத்துக்கு உரியவனைத் தேடும்போதோ நாம் தூரத்தை மறந்து தசையையும் எலும்பையும் அளக்கின்றோம். பாதையைப் படியால் அளப்பதென்று முதலிற் கூறியது இதனையே.

மேலும், வாகனத்தை நிறுத்துதற்கென்றே நாடு முழுதுக்கும் பொதுவானதோர் அனுமதிச் சீட்டு நம்மிடம் இல்லை. வேறு காரியங்களுக்காக வழங்கப்பெறும் ஊன அடையாள அட்டையே இங்கும் பயன்படுகின்றது. அட்டை இல்லாதவிடத்து, வாயிலில் நிற்பவரின் கண்ணே சட்டமாகின்றது. அதற்காக அவரை நோவதில் பயனில்லை. நல்ல உடலுடையோர் பலர், "இரண்டு நிமிஷம்" என்று சொல்லி அவ்விடத்தில் வண்டியை விட்டுச் சென்றிருப்பர். அதன்பொருட்டு அவர் ஏச்சுக் கேட்டிருப்பார்.

பிற நாடுகள் இவ்விஷயத்தில் என் செய்தன? இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற நாட்பட்ட நோயாளிகள், ஊனமுற்றோர் சட்டத்தின் பயனாக, 1971-இல் ஆரஞ்சு நிற அட்டை வழக்கிற்கு வந்தது. 2000-இல் அதற்குப் பதிலாக நீல அட்டை வந்தது. அவ்வட்டை வண்டிக்கு உரியதன்று, மனிதனுக்கு உரியது. அவன் எவருடைய காரில் ஏறிச் சென்றாலும் அட்டை அவனோடு செல்லும். அவன் இல்லாதபோது அவன் மகனும் அதனைப் பயன்படுத்தலாகாது. ஊனமுற்றோர்க்குரிய உதவித்தொகைப் பரிசோதனையில், 50 மீட்டருக்கு மேல் நடக்க இயலாதவர் என்று தீர்மானிக்கப்பட்டவர், வேறு விசாரணையின்றி அவ்வட்டை பெறுதற்கு உரியவராவர். 2019 ஆகஸ்டு 30 முதல், வெளிக்குப் புலப்படாத குறையுடையோரும் பெறுமாறு இங்கிலாந்தின் விதி விரிவாக்கப்பட்டது.

அமெரிக்க நாட்டில் 1991-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற பொதுவிதி இன்னும் தெளிவானது. இடையில் நின்று இளைப்பாறாமல் 200 அடி நடக்க இயலாதவன் அனுமதிக்கு உரியவன் என்பது அதன் முதற்கூறு. நுரையீரல் நோயால் மூச்சின் அளவு மிகக் குறைந்தவர், பிராணவாயுக் குப்பியைச் சுமந்து செல்பவர், கடுமையான இருதய நோயுடையவர் ஆகியோரையும் அவ்விதி பெயர் சுட்டிச் சேர்க்கின்றது. கால் முறிந்து சிலகாலம் நடக்க இயலாதவர்க்கு ஆறு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகச் சீட்டும் உண்டு. இவ்விதிகளைப் படித்தபோது, என் தந்தையாரை ஒருபோதும் கண்டிராத யாரோ ஒருவர், அவர் 25 தப்படிக்கு ஒருமுறை நிற்பதைப் பின்னின்று எண்ணிக்கொண்டே வந்தவர்போல எழுதியிருக்கின்றாரே என்று வியந்தேன்.

"இங்ஙனம் எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் இடம் எங்கே போதும்? உண்மையில் காலிழந்தவன் வந்து நிற்கும்போது, மூச்சு வாங்குகிறதென்று சொல்லி நாலு பேர் அவ்விடத்தை அடைத்துக்கொண்டிருப்பரே!" என்று கூறுவாரும் உளர். இது தள்ளத்தக்க வாதமன்று. இதனை நான் என் சிற்றப்பாவிடமே கேட்டேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து பின்வருமாறு கூறினார்:

"காலையில் நான் உன்னைவிட வேகமாக நடப்பேன். அதைப் பார்த்து, இவனுக்கு எதற்கு இடம் என்று எண்ணாதே. மாலையில் கால் முண்டு உரசிப் புண்ணாகும்போது பத்தடியும் எனக்குப் பத்து மைல். ஆனால் ஒன்று. எனக்கு வண்டியிலிருந்து இறங்கப் பக்கத்தில் இடம் வேண்டும். அண்ணாவுக்கு அது வேண்டாம். வாசல் பக்கத்திலே இருந்தால் போதும். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் போட்டுப் பூட்டி வைத்தால் சண்டைதான் வரும்."

படிப்பு மிகுதியில்லாத அவர் கூறிய இச்சொற்களில், நான் படித்த விதிகளில் எங்கும் காணாத விவேகம் இருந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு முதன்மையாக வேண்டுவது அகலம். காரின் கதவை முற்றும் திறந்து, நாற்காலியை அருகே கொணர்ந்து, உடலை அதில் மாற்றிக்கொள்ள 3.6 மீட்டர் அகலம் அவருக்கு இன்றியமையாதது. வழி சமமாக இருப்பின் சிறிது தூரம் உருட்டிச் செல்லுதலும் கூடும். மூச்சு நோயாளிக்கோ அகலம் வேண்டுவதில்லை, அண்மையே வேண்டும். அகலமான இடங்கள் அகலம் வேண்டுவோர்க்கென்றே நிற்கட்டும். அவற்றையடுத்து, வாயிலுக்கு அருகே, சாதாரண அகலமுள்ள இடங்கள் சிலவற்றைத் தூரம் நடக்க இயலாதோர்க்கென ஒதுக்கினால் ஒருவர் பங்கை மற்றொருவர் பறிக்கவேண்டுவதில்லை. எவரும் தம் வாயாற் சொல்வதே போதுமென்பதன்று; வைத்தியர் நடக்கச் சொல்லிப் பார்த்து, தூரத்தைக் குறித்து, காலவரையறை இட்டுச் சீட்டு வழங்கட்டும். அச்சீட்டு வண்டியோடன்றி நோயாளியோடு செல்லட்டும்.

இதனை இப்போது எண்ணவேண்டியதற்குக் காரணமும் உண்டு. கட்டடங்களில் ஊனமுற்றோர்க்கான வசதிகளைப்பற்றிய வழிகாட்டு நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாதென்றும், கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுத்தல் வேண்டுமென்றும், ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் நாள் தீர்ப்பளித்துள்ளது. இடம் எங்கே, எவ்வளவு என்பதைக் கட்டாயமாக்கும்போதே, அது யாருக்கு என்பதையும் நேர்மையாக வகுத்தலன்றோ முறை?

நிற்க. பிறரைக் குறைகூறும் நான் என் குற்றமொன்றையும் மறைக்கலாகாது. ஈராண்டுகளுக்கு முன் நம் கல்லூரி ஆண்டுவிழா நாளன்று காலந்தாழ்ந்து வந்தேன். மண்டபப் படிகளின் அருகே நீல நிறம் தீட்டிய இடம் காலியாக இருந்தது. "இங்கே யார் வரப்போகிறார்கள்?" என்று எண்ணி என் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். நிகழ்ச்சி முடிந்து வந்தபோது வண்டி வைத்தபடியே இருந்தது. ஒருவரும் ஒன்றும் கூறவில்லை. அன்று அவ்விடத்தைத் தேடி எவரேனும் வந்து திரும்பினாரோ, இல்லையோ, நான் அறியேன். திரும்பியவர் தாம் திரும்பியதை நமக்கு வந்து தெரிவிப்பதில்லை. ஆஸ்பத்திரிக் காவற்காரர் கையை நீட்டித் தடுத்தபோது என் சினத்தினிடையே நாணமும் தோன்றியது இதனாலேதான். அவரைச் சந்தேகக் கண்ணராக்கியவருள் நானும் ஒருவன்.

ஆதலின் நம் கல்லூரியாரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. அரசாங்கம் விதி வகுக்கும்வரை நாம் காத்திருக்கவேண்டுவதில்லை. மண்டபத்துக்கருகே உள்ள அகலமான இடத்தை மாணவர் வண்டிகள் அடைத்துக்கொள்ளாதபடி நாமே காப்போம். அதனையடுத்து வேறு இரண்டிடங்களைத் தூரம் நடக்க இயலாத பெற்றோர்க்கும், முதிய பழைய மாணவர்க்கும், நோயுற்ற ஆசிரியர்க்கும் ஒதுக்குவோம். வைத்தியரின் ஒரு வரிச் சான்றைக் கண்டு அலுவலகத்தார் சிறு சீட்டொன்று வழங்கினால் வாயிலில் நிற்பவர் எவர் உடலையும் குனிந்து பார்த்துத் தீர்ப்புக் கூறவேண்டிய சங்கடம் நீங்கும். இதற்குச் சிறிது வண்ணமும் ஒரு பலகையும் போதும்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது தந்தையார் என்னருகே வந்தமர்ந்து, என்ன எழுதுகிறாய் என்று வினவினார். கூறினேன். சற்று யோசித்து, "என்னை நடக்கமாட்டாதவன் என்று எழுதிவிடாதே. நடப்பேன், நின்று நின்று நடப்பேன் என்று எழுது," என்றார். அவ்வாறே எழுதியுள்ளேன்.

வரும் ஆண்டுவிழாவுக்கு அவரை அழைத்துவர எண்ணியிருக்கிறேன். பெற்றோர் வண்டிகளை நிறுத்தும் புளியமரத்தடியிலிருந்து மண்டபத்தின் முதற்படி வரை, நேற்று மாலை நானே நடந்து எண்ணிப் பார்த்தேன். 140 தப்படி.